ஓட்டுநரோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவுகளை, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே அந்த மாநில அரசு லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. சென்ற மாதம் எங்கள் ஊர் ஓடைக்கரையில் ஆடு மேய்த்த பெரியவரின் குதிகாலில் ஊசி ஏறியது. அருகே ரத்தம் உலர்ந்த பஞ்சும், மலையாளத்தில் எழுதிய மருந்துச் சீட்டும் கிடந்தன. புகாரோடு போனால், ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது.

கழிவுப் பைகளுக்குப் பார்கோடு கட்டாயம் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன; அதைக் கொண்டு பை எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்று கண்டறியலாம். ஆகவே கழிவு கொட்டும் வழக்குகளை லாரி ஓட்டுநரோடும் தரகரோடும் நிறுத்தாமல், கழிவை ஒப்படைத்த மருத்துவமனை, ஏற்றிய ஒப்பந்ததாரர், சோதனைச் சாவடியில் வழிவிட்ட அதிகாரி ஆகியோரின் பெயர்களையும் இரு மாநில அரசுகளும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை வட்டம்.