நண்பகலில் 253 வோல்ட்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் மின் பகிர்மானக் கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மொட்டை மாடி சோலார் பற்றி யார் பேசினாலும் பேச்சு பேனல் விலையிலும் மானியத்திலும் போய் நிற்கிறது. எங்களைக் கேட்டால் அவை இரண்டும் ஏறக்குறைய முடிந்த கணக்கு. 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் வரை கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. கங்கைகொண்டானிலும் ஒரகடத்திலும் பேனல் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லும் மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு 2026 ஜூன் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதனால் விலை கொஞ்ச காலம் முரண்டு பிடிக்கலாம், பிறகு அடங்கிவிடும் என்பது எங்கள் கணிப்பு.

இனி வரப்போகும் முட்டுக்கட்டை, கம்பத்துக்கும் மீட்டர் போர்டுக்கும் நடுவே தொங்கும் 30 மீட்டர் சர்வீஸ் ஒயர். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

தெருமுனை டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையில் 11,000 / 433 வோல்ட் என்று போட்டிருக்கும். 433 என்பது இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள அளவு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் 250. லோடு ஏறினால் இது 230, 220 என்று இறங்கி வரும் என்ற எதிர்பார்ப்பில் செய்த அமைப்பு இது. மின்சாரம் டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கு மட்டுமே போன காலத்துக்கு அது சரியாகவே இருந்தது. இப்போது நண்பகலில், அதிலும் ஞாயிற்றுக்கிழமையில், தெருவில் லோடு இல்லை. மாடிகளிலிருந்து மின்சாரம் திரும்பி வருகிறது. வோல்டேஜ் இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது.

எவ்வளவு ஏறும் என்பது ஒயரின் பருமனைப் பொறுத்தது. 4 ஸ்கொயர் எம்எம் அலுமினிய சர்வீஸ் ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். 30 மீட்டர் தூரத்துக்குப் போக வர 60 மீட்டர் என்று கணக்கிட்டால் 0.44 ஓம். பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 3 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் முழு வெயிலில் தள்ளுவது 12 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 5.3 வோல்ட். கம்பத்தில் 250 இருந்தால் வீட்டில் 255. மத்திய மின்சார ஆணைய விதிப்படி, பெயரளவு வோல்டேஜில் 110 சதவீதத்தைத் தாண்டினால் இன்வெர்ட்டர் மின்சாரம் அனுப்புவதை நிறுத்தி 2 விநாடிக்குள் லைனிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டுக்கு அது 253. டிரான்ஸ்பார்மர் வெறுமனே நிற்கும்போதே 250 தருகிறது என்றால் மிச்சம் இருப்பது 3 வோல்ட். அதே தூரத்துக்கு 10 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் போட்டால் ஏற்றம் 2.2 வோல்ட், அதே பருமனில் காப்பர் போட்டால் 1.3. ஒயர் மாற்றும் செலவை மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் கொசுறு.

விலகிய இன்வெர்ட்டர் உடனே திரும்பி வராது. வோல்டேஜும் அதிர்வெண்ணும் குறைந்தது 60 விநாடி சீராக நின்ற பிறகே இணைய வேண்டும். ஒரே தெருவில் ஒரே ஃபேஸில் ஆறு வீடுகளில் சோலார் இருந்தால் நடப்பது வேடிக்கை. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக விலகும். வோல்டேஜ் 248க்கு இறங்கும். ஒரு நிமிடம் கழித்து ஆறும் ஒன்றாக எழுந்து உற்பத்தியை ஏற்றும், மறுபடி 253, மறுபடி விலகல். வெயில் உச்சியில் நிற்கும் 11 மணி முதல் 2 மணி வரை இந்தக் கண்ணாமூச்சி ஓடும். நம் ஊரில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று வாக்குக் கொடுத்து விற்கும் அமைப்பில், அந்த 4 யூனிட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு விளைவது அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

எங்கள் தொழிலின் தவறையும் சொல்லிவிடுகிறோம். புகார் வந்ததும் இன்வெர்ட்டர் செட்டிங்குக்குள் போய் எல்லையை 270, 280 என்று ஏற்றிவைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு யூனிட் வருகிறது; பக்கத்து வீட்டு பல்பும் ஃபிரிட்ஜும் அதற்கு விலை கொடுக்கின்றன. இதை நிறுத்த வேண்டும். நெட் மீட்டர் (எடுத்த யூனிட்டிலிருந்து திருப்பித் தந்த யூனிட்டைக் கழிக்க உதவும் மீட்டர்) பொருத்தும் அன்று இன்வெர்ட்டரின் வோல்டேஜ் எல்லையைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். பெரும்பாலான புதிய இன்வெர்ட்டர்களில், வோல்டேஜ் ஏற ஏற உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி இருக்கிறது. வாங்கி வந்தபடி அது அணைந்தே கிடக்கும். 250இல் குறைக்கத் தொடங்கி 253இல் தரைதட்டும்படி அதை இயக்கிவைத்தால் மொத்தமாக விலகுவதை விட இழப்பு குறையும். அந்த எண்களை நீங்கள் விதியாக அறிவிக்க வேண்டும். ஆளுக்கொரு எண் வைத்தால், ஒழுங்காக வைத்தவர் மட்டும் நஷ்டப்படுவார்.

குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை. மேகமில்லாத நாளில் நண்பகலை ஒட்டி, இன்வெர்ட்டர் முழு அளவில் ஓடும்போது, மூன்று இடத்தில் மல்டிமீட்டர் வையுங்கள்: கம்பத்தில் சர்வீஸ் ஒயர் தொடங்கும் இடம், மீட்டர் போர்டு, இன்வெர்ட்டர் முனை. கம்பத்திலேயே 250 காட்டினால் டிரான்ஸ்பார்மர் அல்லது ஃபேஸ் பிரச்சினை. கம்பத்தில் 244, மீட்டரில் 249 என்றால் சர்வீஸ் ஒயர். மீட்டரில் 244, இன்வெர்ட்டரில் 248 என்றால் குற்றம் எங்களுடையது: மாடியிலிருந்து 25 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் இழுத்து மிச்சம் பிடித்திருப்போம். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் 270, இன்னொன்று 200 என்று காட்டினால் சோலாரைத் திட்ட வேண்டாம். எங்கோ நியூட்ரல் விட்டிருக்கிறது, முதலில் சப்ளையை நிறுத்துங்கள்.

2024இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. விண்ணப்பம் வேகமாக நகர இது உதவியது, வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆய்வோடு சேர்த்து, எந்த வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது என்று பார்ப்பதும் போய்விட்டது. மீட்டர் பொருத்தும்போது மூன்று ஃபேஸில் எது என்று ஆர், ஒய், பி என ஒரே ஒரு எழுத்தைப் பதிவேட்டில் எழுதினால் போதும். ஐந்து சோலார் வீடுகள் ஆர் ஃபேஸில் குவிந்திருந்தால் இரண்டை மற்ற ஃபேஸ்களுக்கு மாற்றுவது வயர்மேனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. டிரான்ஸ்பார்மர்வாரியாக எத்தனை கிலோவாட் சோலார் ஏறியிருக்கிறது என்ற பட்டியலை இணையத்தில் போட்டால், எங்களைப் போன்றவர்கள் விற்பதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்ல முடியும்.

டிரான்ஸ்பார்மர் தரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றலாமே என்று கேட்பீர்கள். டேப் உள்ள டிரான்ஸ்பார்மரில் ஒரு படி இறக்கினால் 2.5 சதவீதம், அதாவது 6 வோல்ட் குறையும். ஆனால் அது சப்ளையை நிறுத்திவிட்டுத் திருப்ப வேண்டிய டேப். பகலுக்காக இறக்கிவைத்தால் இரவு 8 மணிக்கு, ஏசி எல்லாம் ஓடும்போது, லைனின் கடைசி வீடு 200க்குப் போய்விடும். ஆகவே அதைக் கடைசி மருந்தாக வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு நண்பகல் மின்சாரத்தை அந்தத் தெருவிலேயே செலவழிப்பதுதான். சந்தையும் அதையே சொல்கிறது: மின்சாரப் பரிமாற்றச் சந்தையில் வெயில் நேரத்தில் யூனிட் மலிவு, மாலையில், நெருக்கடி நாட்களில், 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடுகிறது. நம் நெட் மீட்டரோ பகல் யூனிட்டையும் இரவு யூனிட்டையும் ஒரே தராசில் நிறுக்கிறது. இது எங்கள் வியாபாரத்துக்கு மிக வசதி. ஆனாலும் அதிக காலம் நீடிக்காது என்று தெரிந்தே சொல்கிறோம்: ஸ்மார்ட் மீட்டர் வரும் வீடுகளுக்கு, 2023இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் சொல்லும் வெயில் நேரத் தள்ளுபடியை, குறைந்தது 20 சதவீதம், கொடுங்கள். மோட்டார், வாஷிங் மெஷின், ஹீட்டர், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாம் தானாகப் பகலுக்கு நகரும். பேட்டரி வைத்து மாலையில் திருப்பித் தருபவருக்குக் கூடுதல் விலை கொடுங்கள். விவசாய பம்ப்செட் 20 லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. அங்கே விலை வேலை செய்யாது, மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் விடும் நேரத்தைப் பகலுக்குக் கொண்டுவருவது உங்கள் கையில் இருக்கிறது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைக் கடல் தாண்டிப் பார்க்கலாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை சரிந்தபோது, கூரை சோலாரைப் பகல் 3 மணி வரை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. போட்ட முதலுக்கு அது எவ்வளவு வலி என்று அங்கே சோலார் வைத்தவர்களுக்குத் தெரியும்.

முதல் படியாக ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் சோலார் அதிகம் ஏறிய ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்து, நாங்கள் சொன்ன மூன்று இட அளவை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்து வெளியிடுங்கள். மாசியிலும் பங்குனியிலும் எடுங்கள். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.35 சதவீதம் உற்பத்தியை இழக்கும். அப்போது எடுக்கும் அளவு உச்சத்தைக் காட்டாது.

இப்படிக்கு,
கூரை சோலார் அமைப்புகளை நிறுவிப் பராமரிக்கும் தொழிலாளர்கள், பொறியாளர்கள்