தலையில் அடிபட்ட பிள்ளையைத் திரும்பக் களத்தில் இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் பகுதியில் நடந்த மின்னொளிக் கபடிப் போட்டியின் படம் ஒன்று வந்திருந்தது. புருவத்துக்கு மேலே கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பையன் பாடிப் போகிறான். கைக்குட்டையில் ரத்தம் ஊறியிருக்கிறது. ‘காயத்தையும் பொருட்படுத்தாமல் களமாடிய வீரர்’ என்று கீழே போட்டிருந்தீர்கள். புருவத்துக் காயம் நாலு நாளில் ஆறிவிடும். அந்த அடி உள்ளே என்ன செய்தது என்று யாராவது பார்த்தார்களா என்பதுதான் எனக்கு அன்றிலிருந்து மனசை அறுக்கிறது.

நான் மன்னார்குடி வட்டத்தில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் கபடியில் இடது கார்னரில், அதாவது இடது ஓரத்துத் தடுப்பாளராக, நின்று ஆடியவன். சம்பா அறுப்பு முடிந்து, வயல் காய்ந்து வெடிப்பு விடுகிற தை, மாசியில் இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி மைக் சத்தம் கேட்கும். வடுவூர்ப் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்குக் கபடி என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த விளையாட்டை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. என் உடம்பில் ஓடுவதே அதுதான்.

2019 ஐப்பசியில் நானும் என் மனைவியும் மகன் வீட்டுக்கு, அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரத்துக்குப் போய்ச் சில மாதம் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் மகன் டிவியில் அவர்கள் ஊர் ஃபுட்பாலைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது வாரம், “அப்பா, பந்தைப் பாக்காதீங்க. அந்த 59ஆம் நம்பர் சட்டைய மட்டும் பாருங்க” என்றான். அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது.

பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும், எதிரணியின் 11 பேர் அதைத் தடுக்க வேண்டும். தடுக்கும் அணியின் முன்வரிசையில் மலை மாதிரி ஆட்கள் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு நாலு எட்டு பின்னால் நிற்பவர்தான் லைன்பேக்கர். பந்தோடு ஓடி வருபவனை மறித்துச் சாய்ப்பது, எறிகிற பந்தை வழியில் பறிப்பது, சமயம் பார்த்து எறிபவன் மேலேயே பாய்வது என எல்லாம் அவர் தலையில். பெரும்பாலும் நடு லைன்பேக்கரின் தலைக்கவசத்துக்குள்தான் பயிற்சியாளரின் குரல் கேட்கும் கருவி இருக்கும், கவசத்தின் பின்னால் அடையாளத்துக்கு ஒரு பச்சைப் பொட்டு. மற்ற பத்துப் பேரையும் நிறுத்துவதும் நகர்த்துவதும் அவர் வாய்ச்சொல்தான்.

அந்த 59ஆம் எண் லூக் கீக்லி. கரோலினா பாந்தர்ஸ் அணிக்காரர். ஆறடி மூன்று அங்குலம், 108 கிலோ. ஆனால் நான் வியந்தது உடம்பை அல்ல. எதிரணி பந்தை எடுப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கம் போகப் போகிறது என்று கை நீட்டிச் சத்தம் போட்டுத் தன் ஆட்களை நகர்த்துவார். பந்து அந்தப் பக்கமே போகும். எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்துவிடுவாராம். “ரைடரோட கண்ணப் பாக்காதடா, கண்ணு பொய் சொல்லும். இடுப்பப் பாரு, இடுப்பு பொய் சொல்லாது” என்று முப்பது வருஷம் பையன்களுக்குக் கத்தியவன் நான். அந்த மனிதர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

2012இல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது 9ஆவது ஆளாகத் தேர்வாகி வந்தவர். முதல் ஆண்டிலேயே 164 முறை ஆட்களைச் சாய்த்தார், அதை டேக்கிள் என்பார்கள். அந்த ஆண்டு என்.எஃப்.எல். என்ற அவர்களுடைய தொழில்முறை லீக்கிலேயே அதுதான் அதிகம். அடுத்த ஆண்டு, 22 வயதில், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருது. 8 ஆண்டில் 118 ஆட்டம், 1,092 டேக்கிள், 18 முறை பந்தைப் பறித்திருக்கிறார், 7 முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. 2016 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் வரை அணி போய் டென்வரிடம் 24–10 என்று தோற்றது.

2019 டிசம்பர் 29 அன்று மகன் என்னை மைதானத்துக்கே கூட்டிப்போனான். நியூ ஆர்லியன்ஸ் அணியோடு ஆட்டம். கீக்லி ஒருவனைச் சாய்த்ததும் கூட்டம் முழுக்க “ஊ...” என்று இழுத்தது. நல்ல ஆட்டக்காரனைப் போய் இப்படிக் கேலி செய்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகன்தான் சொன்னான், அது கேலி இல்லை, ‘லூ...க்’ என்று பெயரை இழுத்துக் கூப்பிடுகிறார்கள் என்று. ஆட்டம் 42–10 என்று படுதோல்வி. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம் என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

பதினாறாம் நாள், 2020 ஜனவரி 14, போகிப் பண்டிகை. அன்று அவர் ஒரு காணொளி வெளியிட்டார். வயது 28. வேகமாக, வலுவாக, முழு உடம்பையும் கொடுத்துத்தான் சிறுவயதிலிருந்து ஆடிப் பழகியிருக்கிறேன், இனி அப்படி ஆட முடியுமா என்று தெரியவில்லை, விலகுவதுதான் சரி என்று மனசுக்குத் தெரிகிறது என்று கண் கலங்கச் சொன்னார். ஒப்பந்தம் 2021 வரைக்கும் இருந்தது. அந்தப் பணத்தை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அப்போதுதான் மகன் தன் போனில் ஒரு பழைய காட்சியைக் காட்டினான். 2016 நவம்பர் 17, இதே நியூ ஆர்லியன்ஸ் அணியோடு ஆட்டம். ஒருவனைத் தடுக்கப் போய்த் தலையில் அதிர்ச்சி வாங்கி விழுந்தார். எழுப்பிச் சின்ன வண்டியில் உட்கார வைக்கிறார்கள். எங்கும் ரத்தம் தெரியவில்லை. அந்த ஆறடி மூன்றங்குல மனிதர் மூச்சு வாங்கி வாங்கிக் குழந்தை மாதிரி அழுகிறார். அந்த ஆண்டு மீதியிருந்த 6 ஆட்டங்களிலும் அவரை இறக்கவில்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஒருமுறை, அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒருமுறை என்று மூன்று ஆண்டில் மூன்று முறை தலை அதிர்ச்சிக்காக வெளியே உட்கார்ந்தவர் அவர்.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதே அழுகையை நான் 2009 மாசியில் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

என் மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அரையிறுதி. கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தவனுக்கு ரைடரின் முழங்கால் பொட்டில் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து, “சார், ஸ்கோர் என்ன?” என்றான். சொன்னேன். நிமிஷம் ஆகவில்லை, திரும்பவும் “சார், ஸ்கோர் என்ன?” மூன்றாவது முறையும் கேட்டான். பிறகு காரணமில்லாமல் அழுதான். நான் முகத்தில் தண்ணீர் அடித்து, பிடரியைத் தேய்த்துவிட்டு, “ஒண்ணுமில்லடா, சிங்கம்டா நீ” என்று சொல்லி இரண்டாம் பாதியில் இறக்கினேன். இறக்கியது வேறு யாரும் இல்லை, நான்தான். ஏழாவது நிமிஷத்தில் பின்மண்டை தரையில் மோத விழுந்தான். வீட்டுக்குப் போகிற வழியில் பைக்கிலேயே வாந்தி. மறுநாள் தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. நானும் நிம்மதியானேன். தலை அதிர்ச்சி ஸ்கேனில் தெரியாமலே இருக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

இன்றைக்கு அவனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் அடுத்த வயல்காரரிடம் ஏச்சு வாங்குகிறான். டியூப்லைட் வெளிச்சம் ஆகவில்லை என்று இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். “சார், அவரு முன்னாடி இப்புடி இல்ல. இப்ப புள்ளைங்க சத்தம் போட்டாலே தூக்கிப் போட்ருது” என்று அவன் மனைவி என்னிடம் சொன்னபோது எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த ஒரு ராத்திரிதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அடிபட்டவனைத் திரும்ப இறக்கியது தப்பு. அதற்கு எனக்கு யாருடைய சீட்டும் வேண்டாம்.

நம் ஆட்கள் நினைப்பது போல, மயங்கி விழுந்தால்தான் தலைக்காயம் என்பது இல்லை. கொப்பரையை ஆட்டிப் பாருங்கள், உள்ளே பருப்பு ஓட்டில் இடிக்கும். மண்டைக்குள் மூளை அப்படித்தான் குலுங்குகிறது, அதனால்தான் அமெரிக்காவில் அவ்வளவு பெரிய தலைக்கவசம் போட்டும் தப்பவில்லை. நாமோ வெறுந்தலையோடு ஆடுகிறோம். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து வரலாம்.

அந்த நாட்டுக்காரர்களும் தாமாக விழித்துக்கொள்ளவில்லை. மைக் வெப்ஸ்டர் என்ற பழைய வீரர் 2002இல் இறந்தபோது, நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வாங்கிய அடியால் வந்த சிதைவைக் கண்டுபிடித்து 2005இல் வெளியிட்டார். லீக் அவரை மறுத்தது. ஜூனியர் சேயாவ் என்று இன்னொரு லைன்பேக்கர், 20 சீசன் ஆடியவர், 12 முறை நட்சத்திர ஆட்டத்துக்குப் போனவர், 2012 மே மாதம் 43 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் அவர் மூளையிலும் அதே சிதைவு என்று முடிவு வந்தது. ஆயிரக்கணக்கான பழைய வீரர்கள் வழக்குப் போட்டார்கள், 2015இல் நீதிமன்றம் இழப்பீட்டு உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டு கிறிஸ் போர்லண்ட் என்ற 24 வயது லைன்பேக்கர் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, தலை முக்கியம் என்று சொல்லி விலகிவிட்டார்.

இத்தனை பேர் விலை கொடுத்த பிறகு அங்கே வந்த வழக்கம் சின்னதுதான். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் வெளியே கூட்டிவந்து பார்க்க வேண்டும். பார்ப்பவர்களில் அணியிடம் சம்பளம் வாங்காத மருத்துவர் ஒருவர் இருப்பார். அதிர்ச்சி உறுதியானால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, பிறகும் படிப்படியாகத்தான் திரும்பலாம். கிரிக்கெட்டிலும் 2019 முதல் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். நம் சேலத்து நடராஜன் முதன்முதலாக டி20 சர்வதேச ஆட்டத்தில் இறங்கிய அன்று, 2020 டிசம்பரில் கான்பெராவில், ஜடேஜா தலையில் பந்து பட்டதால் அவருக்குப் பதிலாகச் சஹல் வந்து பந்து வீசியதை எல்லோரும் டிவியில் பார்த்தோமே.

நம் பிள்ளைகள் ஏன் வெளியே வர மறுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே, வங்கி என்று வேலைக்குப் போன அண்ணன்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு சான்றிதழ், யாராவது ஒரு பயிற்சியாளர் கண்ணில் படுவது, அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. கரை முழுக்க அப்பாவும் மாமாவும் நிற்கும்போது பதினெட்டு வயதுப் பையன் “எனக்குத் தலை சுத்துது” என்று எப்படிச் சொல்வான்? கீக்லிக்கே 28 வயதும், கையில் பணமும், மூன்று அடியும் தேவைப்பட்டது. நம் பையனுக்காக அந்த வார்த்தையை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களையும் கிராமக் கமிட்டிகளையும் கேட்டுக்கொள்கிறேன். தலை இடித்துத் தடுமாறியவன், கேட்டதையே கேட்பவன், வாந்தி எடுப்பவன், வெளிச்சம் கூசுகிறது என்பவன் அந்த ராத்திரி ஆடக் கூடாது. அவனுக்குப் பதில் ஆளை இறக்க எதிரணி மறுக்கக் கூடாது, இதை ஆட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் அறிவித்துவிடுங்கள். முடிவை அவனிடமோ அவன் கோச்சிடமோ விடாதீர்கள், இரண்டு அணியையும் சேராத ஒருவர் சொல்லட்டும். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், பைக்கை ஓட்டவும் விடாதீர்கள். வாந்தியோ மயக்கமோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சுழற்கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் செலவழிக்கிற நமக்கு, கோட்டோரம் ஒரு செவிலியரை உட்கார வைப்பது பெரிய காரியம் இல்லை. அனுமதி தரும் காவல்துறையினர் இதை நிபந்தனையாகவே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு படம் வந்தால், அந்தப் பையனை அதற்குப் பிறகு மருத்துவர் பார்த்தாரா என்று செய்தியாளரைக் கேட்கச் சொல்லி, அந்த ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள்.

மாசி மகத்தை ஒட்டி எங்கள் ஊரில் போட்டி இருக்கிறது. கமிட்டியில் பேசிவிட்டேன். கோட்டுக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் மாணவனையும் வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தாங்கும் சார், வருகிறேன் என்றிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

(என் மாணவனின் குடும்பத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)