சர்க்கரை நோயாளிகளின் பாதத்தையும் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சர்க்கரை நோயாளி ஒருவரின் மகள்

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: அரசு மருத்துவமனைகளின் நாட்பட்ட நோய்ப் பிரிவில் பாதப் பரிசோதனை, பாதப் பராமரிப்பு வசதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அப்பாவுக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாதம் தவறாமல் மருத்துவமனைக்குப் போவார். ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள். ஷூவைக் கழற்றுங்கள் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஒருநாள் மாலை அவர் ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு சட்டைப் பட்டன் விழுந்தது. காலையிலிருந்து அதை மிதித்தபடியே நடந்திருக்கிறார். சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தப் புண் ஆறவில்லை. இரண்டு மாதத்தில் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

"வலித்திருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார் அப்பா. சிக்கலே அதுதான், ஐயா. சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் வலி தெரியாது. வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டால் சின்னக் காயம்கூட ஆறாது. நோயாளியே வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது இந்த நோய்க்குச் சரிவராது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை, அது வளையும் அளவுக்கு உள்ளங்காலில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அதிர்வு உணர்ச்சியையும், விரலால் பாதத்தின் நாடித்துடிப்பையும் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. வரிசை நீளும் என்பார்கள். மருத்துவருக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே பயிற்சி பெற்ற செவிலியர் இதை முடித்துவிடலாம்.

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 முறை போதும். ஏற்கெனவே புண் வந்தவர்களை 1 முதல் 3 மாதத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும்; ஏனென்றால் புண் ஆறியவர்களில் 10 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு ஓராண்டுக்குள்ளேயே மறுபடி வருகிறது. என் அப்பாவும் இப்போது இந்த வகையில்தான் இருக்கிறார்.

ஆகவே, சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் பாதப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, அதன் முடிவை நோயாளியின் கையேட்டில் எழுதவும், வாரத்தில் ஒரு நாளாவது பாத மருத்துவ நிபுணர் வரவும், பாத அழுத்தத்தைக் குறைக்கும் காலணியை மருந்தைப் போலவே மருத்துவமனையிலிருந்து வழங்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் சிகிச்சைக் குறிப்பு நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்