நீ கேட்ட அந்த இரவு

அன்பு மகளுக்கு,

லீட்ஸில் ஹெடிங்லி ரக்பி மைதானத்தில் நின்று நீ அனுப்பிய படத்தை அப்பா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கழுத்தைத் திறந்து விட்டிருக்கிறாள், சளி பிடிக்கப் போகுது" என்றார். நான் உனக்குப் பின்னால் நின்ற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்குக் கீழே நீ கேட்டிருந்த கேள்வி அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது: "அம்மா, எங்கட முதல் மேட்ச்சில நீங்கள் ஏன் அப்படிக் கத்தினீங்கள்?"

இதற்கு ஃபோனில் எனக்குப் பதில் சொல்ல வராது. அதுதான் எழுதுகிறேன்.

2009 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. உனக்கு 10 வயது. பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேலால் இரண்டு டிக்கெட்டை நீட்டி, மகள் வீட்டுக்காரர் வரவில்லையாம், நீங்கள் வாருங்கள் என்றார். அப்பாவுக்கு இரவு வேலை. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ உள்ளே ஓடிப்போய் நீல மஞ்சள் பெனியனைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிட்னியில் எங்கள் பக்கத்து ரக்பி லீக் அணி பரமட்டாவைப் பற்றியே கதைக்கிறார்கள் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த வருஷம் எட்டாவது இடத்தில் தொற்றிக்கொண்டு இறுதிச் சுற்றுக்குள் வந்த அணி, முதலிடத்தில் இருந்த டிராகன்ஸை அவர்களின் மைதானத்திலேயே 25-12 என்று வென்றது. அடுத்த கிழமை கோல்ட் கோஸ்டை 27-2. பென்டில் ஹில் கடைத்தெருவில், எங்கள் மளிகைக் கடைக்காரர்கூட வாசலில் நீலமும் மஞ்சளுமாக பலூன் கட்டியிருந்தார்.

எனக்கு அதில் ஒன்றும் மனம் போகவில்லை. அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று இப்போது உனக்குத் தெரியும், அப்போது தெரியாது. பெரியம்மாவும் பிள்ளைகளும் செட்டிகுளம் முகாமில் இருக்கிறார்கள் என்று ஆடி மாதம்தான் ஒருவர் மூலமாக அறிந்தோம். வைகாசியில் ஊரில் சண்டை முடிந்ததிலிருந்து அதுவரை அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. நீ நித்திரையான பிறகு நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழ முயன்றிருக்கிறேன். வரவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி நின்றுவிடும்.

லிட்கம்பில் ரயில் மாறினோமே, நினைவிருக்கிறதா? ஒலிம்பிக் பார்க் ரயிலில் மூச்சு விட இடமில்லை. அங்கிள் உன்னைக் கம்பியோரம் நிறுத்திவிட்டு, தான் முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 1958, அவருக்கு ஆறு வயது, பழைய கம்பர்லண்ட் ஓவல் மைதானம், தகப்பனின் தோள். அன்றைக்குத் தோல்வி. அந்த வருஷம் முழுக்கத் தோல்விதான். 1956 முதல் 1961 வரை ஆறு வருஷமும் பரமட்டா கடைசி இடத்தில் கிடந்ததாம். "அப்போ ஏன் திரும்பத் திரும்பப் போனீங்கள்?" என்று நீ கேட்டாய். "அப்பா போனார், நானும் போனேன்" என்றார். 1981-இல் முதல் கிண்ணம் வென்ற இரவு, சனம் சந்தோஷம் தாங்காமல் அந்தப் பழைய மைதானத்தின் மரக் கொட்டகையையே கொளுத்திவிட்டதாம். தான் நெருப்பு வைக்கவில்லை, ஆனால் நின்று பார்த்தேன் என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் உடனே தன் முதல் ஆட்டத்தைச் சொல்ல வந்தார். அப்புறம் ஒரு பெண். 1986 இறுதி ஆட்டத்தை அவர் கர்ப்பிணியாக இருந்து பார்த்தாராம். அன்றைக்கு எங்களுக்கு எதிரணியாக இருந்த இதே புல்டாக்ஸுக்கு எதிராக, பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைக்கிற ட்ரை ஒன்றுகூட இல்லாமல் 4-2 என்று வென்ற ஆட்டம். அதற்குப் பிறகு பரமட்டாவுக்குக் கிண்ணம் இல்லை. முன்பின் தெரியாத மூன்று பேர் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைத்தார்கள். யார் யாரோடு வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், மழை பெய்ததா, அதெல்லாம் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கும் முதல் ஆட்டத்தின் புள்ளிகள் முக்கியமாக இருக்கவில்லை.

நீ இப்போது இருக்கிற ஊர்ப் பக்கத்துக் கதையையும் அங்கிள் அன்றைக்குத்தான் சொன்னார். வட இங்கிலாந்தில் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்த பொடியன்கள் ஆட்டத்துக்கு வந்தால் அந்த நேரத்துச் சம்பளம் போய்விடும். அதை ஈடு கட்டிக் கொடுக்கவேண்டும் என்று அங்கத்தைய கழகங்கள் கேட்டன. ரக்பியை நடத்தியவர்கள், காசு வாங்கி ஆடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். 1895 ஓகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்து வந்ததுதான் இந்த ஆட்டம். லீட்ஸிலிருந்து அது கிட்டத்தான். ஒரு நாள் வேலை இல்லாதபோது போய்ப் பார்த்து எனக்குப் படம் அனுப்பு. நாள்கூலிக்காரரின் சம்பளத்துக்காகப் பிறந்த விளையாட்டு என்று கேட்டபோதே எனக்கு அதில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எங்கள் இருக்கை எவ்வளவு உயரத்தில் இருந்தது! ஆட்டக்காரர்கள் விரல் அளவில்தான் தெரிந்தார்கள். ஆனால் டிவியில் ஒருபோதும் தெரியாத ஒன்று அங்கிருந்து தெரிந்தது. டிவி பந்துக்குப் பின்னாலேயே ஓடும். மேலிருந்து பார்த்தால் தடுக்கிறவர்களின் வரிசை தெரியும். பந்து வைத்திருப்பவனை விழுத்தி எழுப்பியதும் 10 மீட்டர் பின்னால் போவார்கள், பந்து கிளம்பியதும் எல்லாரும் ஒன்றாக முன்னால் வருவார்கள். எங்கள் வயலில் அரிவி வெட்டும்போது சனம் இப்படித்தான் ஒருவரை ஒருவர் முந்தாமல் ஒரே வரிசையில் போகும். ஆறு தடவை பிடிபடுவதற்குள் அந்த வரிசையைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. பந்தை முன்னால் எறியவும் கூடாது. "கிளித்தட்டு மாதிரி" என்று நான் உன்னிடம் சொன்னேன். கிளித்தட்டு என்றால் என்ன என்று நீ கேட்டாய். கோட்டுக்குக் கோடு மறித்து நிற்கிறவர்களை ஏய்த்துத் தாண்டி ஓடுகிற விளையாட்டு, நானும் பெரியம்மாவும் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாடினது என்றேன். பெரியம்மாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பல கிழமையாகியிருந்தது.

மொய்மொய்யை நீ மறந்திருக்கமாட்டாய். டோங்காவில் பிறந்த, நீண்ட முடிக்காரப் பொடியன். பந்து அவன் கையில் வந்ததும் சனம் முழுக்க "ஃபூயீ" என்று இழுத்தது. முதலில் அவனைத் திட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். "இல்லை அம்மா, அது அவரின் பெயர், ஃபூயீ ஃபூயீ மொய்மொய்" என்று நீ சொல்லித் தந்தாய். அடுத்த முறை அவன் பந்தோடு நேராகப் போய் மோதினான். இரண்டு பேர், மூன்று பேர் தொங்கியும் கால் நிற்கவில்லை. நான் எழும்பி "ஃபூயீ" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை, பிள்ளை.

அந்த வருஷம் சனத்தோடு நின்று கத்துவது எனக்குப் புதிதில்லை. சித்திரை மாதம் கிரிபிலியில் பிரதமரின் வீட்டுக்கு முன்னால் நின்று குரல் போகும்வரை கத்தினோம். அந்தக் கத்தலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வைகாசிக்குப் பிறகு எனக்குக் குரலே வேண்டாம் என்று இருந்தது. இங்கே அப்படியில்லை. 74,549 பேர் வந்திருந்தார்கள். எதற்காகக் கத்துகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சொல்லும் தேவையில்லை, ஒரு பெயரின் இழுவை போதும். தொண்டையில் நான்கு மாதமாக இருந்தது அதோடு வெளியே வந்தது. அழுகையும் வந்தது. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய், பயந்துபோயிருந்தாய். அங்கிள் ஒன்றும் கேட்காமல் தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். இவ்வளவுதான் நீ கேட்டதற்குப் பதில்.

ஆட்டம் 22-12 என்று பரமட்டாவுக்கு. ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்பது தோற்ற பக்கம்தான். புல்டாக்ஸின் ஹாசெம் எல் மஸ்ரிக்கு அது கடைசி ஆட்டம். சிறு வயதில் லெபனானின் திரிப்போலியிலிருந்து வந்தவர், அந்த வருஷம்தான் இந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவரானார். நமக்கு இரண்டு வரிசை கீழே முக்காடு போட்ட ஒரு லெபனான் பாட்டி பேரனின் தோளில் முகம் புதைத்திருந்தார். படியிறங்கும்போது நான் அவரின் கையைத் தொட்டேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரபியில் என்னவோ சொன்னார். நான் தமிழில் சொன்னேன். இதை நீ பார்த்தாயோ தெரியாது.

அடுத்த கிழமை இறுதி ஆட்டத்தில் மெல்பேர்ணிடம் 23-16 என்று தோற்றபோது நீ சாப்பிடாமல் படுத்தாய். சம்பள வரம்பை மீறியதற்காக மறு வருஷம் மெல்பேர்ணிடமிருந்து அந்தப் பட்டத்தைப் பறித்தார்கள், ஆனாலும் அது எங்களுக்கு வரவில்லை. ஹிண்ட்மார்ஷ் 330 ஆட்டம் பரமட்டாவுக்கே ஆடி, ஒரு கிண்ணமும் தொடாமல் 2012-இல் போனார். 2022 இறுதி ஆட்டத்திலும் பென்ரித்திடம் தோல்வி. அங்கிள் இன்னும் போகிறார், முழங்கால் நோவோடு.

அந்த வருஷம் மார்கழியில் பெரியம்மா முகாமிலிருந்து வெளியே வந்து முதல் தடவை ஃபோன் எடுத்தார். எங்கே தொடங்குவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்று பயம். அதனால் நான் இந்த ஆட்டத்தைச் சொன்னேன். ரயில், சனம், கிளித்தட்டு, மொய்மொய், நீ என் கையை இழுத்தது, எல்லாம். அவர் இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் "யார் வென்றது?" என்றார்.

"எங்கட ஆக்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தம் இல்லை. பிறகு பெரியம்மா, "பிள்ளைக்கு இப்ப எத்தனை வயது?" என்று கேட்டார்.

சரி. அங்கிளிடம் உன் படத்தைக் காட்டினேன். அங்கே சிப்ஸுக்கு மேல் குழம்பு ஊற்றித் தருவார்களா என்று கேட்கச் சொன்னார், மறக்காமல் எழுது. அவர் மனைவி பின்னிய நீல மஞ்சள் கழுத்துத் துணி ஒன்றையும் தந்திருக்கிறார். அப்பா திங்கட்கிழமை தபாலில் போடுவார். மெஷினில் போடாதே, சாயம் போகும். பச்சைத் தண்ணீரில் கையால் அலசு.

அம்மா