ஏழ்வாசல் திருடர்களும் உங்கள் அப்பத்தாவும்

அன்புள்ள மாப்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். தீபாவளிக்கு நீ எழுதியதற்குப் பொங்கல் நெருங்கும்போது பதில் போடுகிறேன்; திட்டுவதை எல்லாம் நேரில் வந்து திட்டிக்கொள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம் கூட்டாளி கோழி தன் வீட்டைக் கட்டி முடித்துவிட்டான். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட நாலு தடவை போன் போட்டும் நீ எடுக்கவில்லையாம். அது உங்கள் இருவர் பாடு, என்னை இழுக்காதே.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. ஐயா இப்போது ஒரு திருட்டுக் கூட்டத்துக்கு ஆலோசகர்.

சின்னவளும் அவள் கல்லூரிக் கூட்டாளிகளும் ஞாயிறு சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளாக மாறிப் பேச வேண்டும். கதை சொல்லி இவள்தான். ஊர் பெயர் ஏழ்வாசல். உப்பாற்றங்கரையில் கோட்டை, ஏழு வாசல், வாசலுக்கு ஒரு திருட்டுச் சங்கம். இவர்களின் விதிப்புத்தகம் திருடர்களுக்கென்று ஒரு ரகசியப் பேச்சு உண்டு என்கிறது. நேராகச் சொல்வதைவிட அதில் சொல்ல நாலு மடங்கு நேரம் ஆகும் என்றும் சொல்கிறது. ஆனால் பேச்சு எப்படி இருக்கும் என்று ஒரு சொல்கூடக் கொடுக்கவில்லை. "நீங்க ஹாஸ்டல்ல சிக்னல் மன்னனாமே, பாண்டி மாமா சொன்னாரு" என்று வந்து நின்றாள். உன் வாய் இருக்கிறதே!

அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. 1585இல் லண்டன் நகர நீதிபதி ஃப்ளீட்வுட் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பில்லிங்ஸ்கேட் பக்கம் வாட்டன் என்று ஒருவன், ஒரு காலத்தில் மதிப்பாக இருந்த வியாபாரி, பிக்பாக்கெட்டுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினானாம். ஒரு சட்டைப்பையும் ஒரு பணப்பையும் தொங்கும். சுற்றிலும் வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற குட்டிச் சலங்கைகள், மேலே ஒரு பூசை மணி. சத்தம் வராமல் உள்ளே இருக்கும் வில்லையை எடுத்தால் ஒரு பட்டம். சத்தம் வராமல் வெள்ளிக்காசை எடுத்தால் அதற்கு மேல் ஒரு பட்டம். நம் செமஸ்டரைவிட ஒழுங்கான பரீட்சை.

பிரான்சில் திஜோன் என்ற ஊரில் 1455இல் ஒரு கூட்டம் பிடிபட்டது. கோக்கியார் என்று பிரெஞ்சில் பேர். அவர்களில் ஒருவன் வெளியாள் முன்னால் அளவுக்கு மீறிப் பேசிவிட்டால், இன்னொருவன் சளி பிடித்தவன் மாதிரி காறித் துப்புவான். உடனே எல்லோரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். படித்ததும் எனக்கு நம் ஹாஸ்டல் கட்டைக்குரலான்தான் ஞாபகம் வந்தான். வார்டனுக்கு அவன்மேல் எவ்வளவு பரிவு, கஷாயம் எல்லாம் வைத்துக் கொடுத்தாரே! அந்தத் திஜோன் கூட்டத்தின் சொற்களை எல்லாம் அதிகாரிகளிடம் ஒப்பித்தது ஊர் நாவிதர் ஒருவர். இதை மனதில் வை, பிறகு வருகிறேன்.

நம் பக்கம் மட்டும் குறைச்சலா? மிருச்சகடிகம் என்ற சமஸ்கிருத நாடகத்தில் வருகிற திருடன் சுவரில் கன்னம் வைக்க ஏழு வடிவம் சொல்கிறான்: தாமரை, சூரியன், பிறை, பூரண கும்பம் என்று போகும். அளவு நூல் மறந்துபோனதால் பூணூலை வைத்து அளக்கிறான். வேலையைத் தொடங்குமுன் கும்பிடுவது யாரை? நம் முருகனை! சின்னவளின் பாட்டி இதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் காட்டிக்கொடுக்கிற பொற்கொல்லன் திருடர்களுக்கு எட்டுத் துணை என்று அடுக்குவான், மந்திரத்தில் தொடங்கிக் கருவியில் முடியும். அவ்வளவு நுட்பமாகத் தெரிந்து வைத்திருக்கிறானே என்று காவலர்களுக்குச் சந்தேகமே வரவில்லை பார்.

சரி, ஏழ்வாசலுக்கு என்ன பேச்சு? வாயில் நுழையாத புதுச்சொல்லாக இட்டுக்கட்டினால் கேட்கிறவன் காதைத் தீட்டிக்கொள்வான். கேட்டாலும் காதில் ஏறாத பேச்சுதான் வேண்டும். நம் ஊரில் யார் பேசினாலும் எவனும் திரும்பிப் பார்க்காத பேச்சு எது? கல்யாணப் பேச்சு! பிடித்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போவது என்றால் வீட்டை நோட்டம் விடுவது. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் உள்ளே நாய் இருக்கிறது. சீர் என்றால் கிடைத்த பொருள். மொய் எழுதியாச்சா என்றால் பங்கு பிரித்தாச்சா. மாப்பிள்ளை வீட்டார் என்றால் காவலர். மறுவீடு என்றால் அதே வீட்டுக்கு இரண்டாம் முறை. அதற்கு ஆறாம் வாசல் சங்கத்தில் தடை. போன வாரம் இரண்டு பேர் அரைமணி நேரம் காவலன் எதிரிலேயே நின்று பேசினார்கள்.

"பொண்ணுக்கு மாமன் ரெண்டு பேராமே?"

"ஒருத்தர் தூங்குமூஞ்சி. இன்னொருத்தர்தான் பந்தியிலேயே நிக்கிறாரு."

காவலனாக நடித்த என் மகளுக்குக் குறுக்கே பேச இடமே கிடைக்கவில்லை. நான் எழுந்து நின்று கைதட்டினேன். இவள் அம்மா கீழிருந்து, "வயசுக்குத் தக்கன நடந்துக்குங்க" என்றாள்.

பேசாமல் சொல்வதற்கு உன் சின்ன மாமாவிடம் கடன் வாங்கினேன். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டுக் கையை உள்ளே விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவாரே, அதே தரகு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, துண்டுக்கடியில் பங்கு பேசுகிறார்கள் ஏழ்வாசல்காரர்கள். அவர் முகத்தைக் கவனித்திருக்கிறாயா? கைக்குள் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும், முகம் எதிரே நிற்கும் மாட்டின் பல்லையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முகத்தைத்தான் பையன்களுக்கு இன்னும் சொல்லித்தர முடியவில்லை.

இதுவரை விளையாட்டு. இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும்.

கூட்டத்தில் ஒரு பையன் செல்போனில் ஒரு பழைய புத்தகம் கொண்டு வந்தான். முல்லலி என்ற போலீஸ் அதிகாரி 1892இல் எழுதியது, சென்னை மாகாணத்துக் குற்றப் பரம்பரையினர் பற்றி. சாதி சாதியாக அத்தியாயம். "மாமா, ரெடிமேடா இருக்கு, வாசலுக்கு ஒரு ஜாதின்னு பிரிச்சிடலாம்" என்றான். விவரம் இல்லாமல்தான் சொன்னான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தான். போனை வாங்கிப் பார்த்தான். எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றைக்குப் பாதியில் கிளம்பிவிட்டான்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1871இல் வடக்கே போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் நம் மாகாணத்துக்கு வந்தது. பிறந்ததே குற்றம் என்று ஊர் ஊராகக் கைரேகை பிடித்தார்கள். மறுத்து நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. 1947 வரைக்கும் அந்தச் சட்டம் இங்கே இருந்தது. நாவிதர் ஒப்பித்ததும் பொற்கொல்லன் அடுக்கியதும் நமக்குத் தெரிகிறது, திருடன் தன் வாயால் சொன்னது எங்கே இருக்கிறது? பிடித்தவனும் காட்டிக்கொடுத்தவனும் எழுதியதுதான் மொத்தமும். அதில் பாதி திருடாதவன் தலையில் கட்டியது.

அடுத்த ஞாயிறு அந்தப் பையன் வருவானோ மாட்டானோ என்று வாரம் முழுக்க உறுத்தியது. வந்தான். அவனே ஒன்று சொன்னான்: "ஏழாம் வாசல்ல இருக்கறவங்க திருடங்க இல்லை மாமா. திருடங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. தினம் ராத்திரி கோட்டைச் சாவடியில போய்ப் படுக்கணும். அங்கேருந்து கதையை ஆரம்பிப்போம்." என் மகள் தன் நோட்டில் ஏழாம் வாசலுக்கு எழுதி வைத்திருந்ததை எல்லாம் அடித்துவிட்டு அவனையே சொல்லச் சொன்னாள்.

அதனால்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மூன்றாம் வருஷ லீவில் உங்கள் ஊருக்கு வந்தபோது, அப்பத்தா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்களே. கல்யாணமான புதிதில் தாத்தா பொழுது சாய்ந்தால் சாவடிக்குப் போய்ப் படுத்துவிட்டு விடிந்துதான் வருவார் என்று. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்று. போலீஸ்காரன் தெருவுக்குள் வந்தால் பெண்கள் வாசலில் எதையோ கவிழ்த்து வைப்பார்கள், பார்த்தவர்கள் பின்பக்கமாகப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார்கள். முறமா, உலக்கையா, பானையா? நாம் இருவரும் சோற்றில் குறியாக இருந்தோம். அப்பத்தாவுக்கு அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது, கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அதுமட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஊருக்குப் போகும்போது கேட்டுப் பார். கதைக்கு வேண்டும் என்று சொல்லாதே, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை என்று சொல். பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. செல்போனை முகத்துக்கு நேரே நீட்டாதே, போன தடவை அதற்குத்தான் உன்னை வெளியே அனுப்பினார்கள். எத்தனை வருஷம் சாவடிக்குப் போனார், போகாத நாளில் என்ன ஆனது என்பதையும் கேள். கேட்டதை அப்படியே எழுதி அனுப்பு. அந்தப் பையனிடமும் கொடுக்கலாமா கூடாதா என்று நீயே முடிவு பண்ணு.

கோழிக்கு ஒரு போன் போடுடா.

அன்புடன்,
சிக்னல்