வைன்லாந்து கோழிப்பண்ணைகள்: ஒரு வரியில் அடங்காத கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். நாஜிப் படுகொலையிலிருந்து தப்பிய யூதர்கள் அமெரிக்காவில் குடியேறியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகாம்களைப் பற்றி அவ்வளவு அக்கறையோடு எழுதிய கட்டுரையாளர், அதற்குப் பிந்தைய வாழ்க்கைக்கு வந்ததும் "நியூ ஜெர்சியில் பலர் கோழிப்பண்ணை வைத்துச் செழித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 'செழித்தார்கள்' என்ற சொல் அவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. ஏன் என்பது தீவனக் கணக்கைப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில், அவர்கள் அங்கே, குறிப்பாக நியூ ஜெர்சியின் தென்பகுதியிலுள்ள வைன்லாந்துக்கு, போய்ச் சேர்ந்த வழி. போர் முடிந்தவுடன் அமெரிக்கா யாரையும் வரவேற்றுவிடவில்லை. 1945 டிசம்பர் 22 அன்று அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை, ஏற்கெனவே இருந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டுக்குள்தான் அகதிகளுக்கு முன்னுரிமை தந்தது. உறவினர் யாரும் மிஞ்சாதவர்களுக்குத் தொண்டு நிறுவனங்களே பிணை நிற்கலாம் என்று அது அனுமதித்ததுதான் பெரிய உதவி. அந்த ஆணைப்படி வந்தவர்களோடு முதல் கப்பல் மரைன் பிளாஷர் 1946 மே 20 அன்று நியூயார்க்கை அடைந்தது. 1948 ஜூனில் இயற்றிய சட்டம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விசாக்களை அறிவித்தது. ஆனால் 1945 டிசம்பர் 22க்குள் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலிக்குள் வந்துவிட்டவர்களுக்கு மட்டும்தான் என்று நிபந்தனை போட்டது. சோவியத் ஒன்றியத்தில் போர்க்காலத்தைக் கழித்து, 1946இல் போலந்து திரும்பி, அந்த ஜூலையில் கீல்ட்சே நகரில் நடந்த படுகொலைக்குப் பிறகு மேற்கே ஓடிவந்த யூதர்கள் இதனால் தகுதி இழந்தார்கள். 1950இல்தான் அந்தத் தேதி 1949 ஜனவரி 1 என்று மாறியது.

அதே 1948 சட்டம் விசாக்களில் 30 சதவீதத்தை விவசாயிகளுக்கு ஒதுக்கியது. வைன்லாந்துக்குப் போனவர்கள் இந்த ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் தையற்காரர்கள், சிறு வணிகர்கள், 1939இல் பள்ளிப் படிப்பு அறுந்துபோன பிள்ளைகள். யூதர்களில் விவசாயிகள் குறைவு என்பதால் அந்த ஒதுக்கீடு அவர்களுக்குப் பாதகமாகவே இருந்தது. பலர் நியூயார்க்கில் இறங்கி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்து, கொஞ்சம் பணம் சேர்த்த பிறகுதான் கோழிப் பக்கம் திரும்பினார்கள்.

ஏன் கோழி? ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. சான்றிதழ், முன் அனுபவம் என்று யாரும் கேட்பதில்லை. மாடு, நிலம் என்று போனால் ஆகும் முதலீட்டில் ஒரு பங்கு போதும். வீடும் வேலையும் ஒரே இடத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யலாம். குழந்தை கண்ணெதிரே இருக்கும். முகாமில் குடும்பத்தையே இழந்து, புதிதாக மணந்து, கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் மிகப் பெரியது. வைன்லாந்துக்கு அருகே 1882இலேயே அலையன்ஸ் என்ற யூத விவசாயக் குடியிருப்பு அமைந்திருந்ததால் ஜெபக்கூடங்களும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் பேசுவோரும் அங்கே இருந்தார்கள். 1900இல் தொடங்கப்பட்ட யூத வேளாண்மைச் சங்கம் கடன் கொடுத்தது. அதன் களப் பணியாளர்கள் பண்ணைக்கே வந்து யித்திஷ் மொழியில் கற்றுக்கொடுத்தார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரு குடும்பம் 2,000 முட்டைக்கோழிகள் வைத்திருப்பதாகக் கொள்வோம். முட்டைக்கென்றே வளர்க்கும் வெள்ளை லெகார்ன் இனப் பெட்டைக் குஞ்சுகளை ஒரு நாள் வயதில் வாங்க வேண்டும். சாவு கழிவு பார்த்து 10 சதவீதமாவது கூடுதலாக. முதல் வாரம் புரூடருக்கு, அதாவது குஞ்சுகளுக்குச் சூடு தரும் அடுப்புக்குக் கீழே 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரவில் அடுப்பு அணைந்தால் குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் சாகும். அதனால்தான் மூலைகளை அட்டை வைத்து வளைவாக மறைப்பார்கள். நியூ ஜெர்சியின் குளிர்காலத்தில் ஜன்னலை முழுதும் அடைத்தால் தரையில் தடிமனாகப் பரப்பிய ஆழ்கூளம் ஈரமாகி ரத்தக் கழிச்சல் வரும். திறந்து வைத்தால் குளிர் தாக்கிச் சளி நோய் வரும். புதிதாக வந்தவர்கள் அதிகம் இழந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

குஞ்சு வாங்கி முதல் முட்டை காண ஐந்து, ஆறு மாதம் ஆகும். அதுவரை ஒரு பெட்டை சுமார் 20 பவுண்டு தீவனம் தின்னும். 2,000 பெட்டைக்கு 40,000 பவுண்டு, அதாவது 100 பவுண்டு மூட்டையில் 400 மூட்டை. ஒரு சென்ட் வரவில்லாத மாதங்களில் இந்த 400 மூட்டையும் தீவன வியாபாரியின் கடன் புத்தகத்தில்தான் ஏறும். பண்ணையாளர் அமெரிக்காவில் எடுக்கும் மிகப் பெரிய கடன் பல நேரங்களில் வீட்டுக் கடன் அல்ல, இதுதான். கட்டுரையாளர் தவறவிட்டதும் இதைத்தான்.

முட்டையிடத் தொடங்கிய பிறகு ஒரு கோழிக்கு நாளுக்குக் கால் பவுண்டு தீவனம். 2,000 கோழிக்கு 5 மூட்டை. 60 சதவீத உற்பத்தி என்றால் நாளுக்கு 1,200 முட்டை, 100 டஜன். ஒவ்வொன்றையும் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, தரம் பிரித்து, 30 டஜன் கொள்ளும் பெட்டியில் அடுக்க வேண்டும். ரத்தப் புள்ளி உள்ள முட்டை யூத உணவு விதிப்படி ஆகாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வுநாள் மட்டும் சிக்கல்: தன்னை நம்பியிருக்கும் உயிருக்குத் தீனி வைக்க மதம் அனுமதிக்கிறது, அன்று இட்ட முட்டையை அன்றே பயன்படுத்த அனுமதிப்பதில்லை. கோழிக்கோ சனிக்கிழமை தெரியாது.

நியூகாசில் நோய், நாம் வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்பது, புகுந்தால் பிழைத்த கோழியும் வாரக்கணக்கில் முட்டையை நிறுத்திவிடும்; திரும்ப இடும்போது ஓடு கெட்டியாகாத தோல்முட்டையாக வரும். தடுப்பூசி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஆனாலும் நோயைவிட அவர்களைச் சாய்த்தது விலை. மேலே சொன்ன பண்ணையில் டஜனுக்கு 5 சென்ட் குறைந்தால் நாளுக்கு 5 டாலர், மாதத்துக்கு 150 டாலர் போய்விடும். தீவனம் அதே 5 மூட்டைதான். போர்க்காலத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 400 முட்டை தின்ற அமெரிக்கர்கள் பிறகு குறைத்துக்கொண்டார்கள். நியூ ஜெர்சிக்குத் தீவனத் தானியம் நடுமேற்கிலிருந்து ரயிலில் வர வேண்டும். தெற்கு மாநிலங்களில் பெரும் பண்ணைகள் எழுந்து, குளிர்பதன லாரிகளும் வந்தபின், நியூயார்க் சந்தைக்கு அருகில் இருப்பதால் கிடைத்த ஒரே ஆதாயமும் போனது. 1954இல் விலை சரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹேசல் புயல் மரக் கொட்டகைகளைச் சாய்த்தது.

அந்த ஆண்டுகளில்தான் ஜெர்மனியின் இழப்பீடும் வந்தது. 1956 சட்டப்படி சிறைப்பட்ட ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 150 மார்க். மூன்று ஆண்டு முகாமில் இருந்தவருக்கு 5,400 மார்க், டாலருக்கு 4.20 என்ற அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 1,285 டாலர். உடல்நலத்துக்கான ஓய்வூதியம் வேண்டுமென்றால், உழைக்கும் திறன் குறைந்தது 25 சதவீதம் கெட்டதென்றும் அது கொடுமையால்தான் என்றும் மருத்துவர் முன் நிறுவ வேண்டும். ஓராண்டு வதைமுகாமில் இருந்திருந்தால் அந்தத் தொடர்பை ஏற்றுக்கொள்ளலாம் என்ற திருத்தம் 1965இல்தான் வந்தது. அதற்குள் வைன்லாந்தில் பலர் கோழியை விற்றுவிட்டு மீண்டும் ஆடைத் தொழிற்சாலைக்கோ கட்டட வேலைக்கோ போயிருந்தார்கள்.

அக்கட்டுரை நூலாக வருமென்று உங்கள் குறிப்பு சொல்கிறது. அப்போது அந்த வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்: "கோழிப்பண்ணை வைத்தார்கள், பத்துப் பதினைந்து ஆண்டு தீவனக் கடனோடு போராடினார்கள், பெரும்பாலோர் 1960களில் அதை விட்டு மூன்றாவது முறையாகத் தொழில் தொடங்கினார்கள்."

இப்படிக்கு,
வாசகர்,
நாமக்கல்