பில்லுக்கு ஏன் செக் என்று பெயர்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சிகாகோவில் சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் 'செக்' கேட்கிறார்கள், பில்லுக்கும் செக்குக்கும் என்ன சம்பந்தம் என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் குட்டி அழுதான், நீயும் வைத்துவிட்டாய். வேலை பார்த்த காலமெல்லாம் வங்கியில் செக்கோடு மல்லுக்கு நின்றவனிடம் இதைக் கேட்டால் சும்மா விடுவேனா? உட்கார்ந்து படி.

அந்தச் சொல்லுக்கு மூலம் ஒரு ராஜா. பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அது அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, 1300களில் ஆங்கிலத்துக்குள் 'செக்' என்று வந்து சேர்ந்தது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்'. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. 'ராஜா செத்தான்' என்று பலர் அதற்குப் பொருள் சொல்வார்கள். அது அரபியை வைத்துச் சொல்வது. பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே, போக இடமில்லாமல் நிறுத்தி வைப்பதோடு சரி.

ஆட்டம் மட்டும் இந்தியாவில் பிறந்தது. தேர், யானை, குதிரை, காலாள் என்று படைக்கு நான்கு அங்கம், அதனால் சதுரங்கம். பாரசீகர்கள் அதை 'சத்ரங்' என்றார்கள், அரபியர் 'ஷத்ரஞ்ச்' ஆக்கினார்கள். இவ்வளவு தூரம் சுற்றிய ஆட்டத்தில், 2024 டிசம்பர் 12 அன்று நம்ம சிங்கப்பூர் செந்தோசாவில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றான். அம்மாவுக்குக் காய்களின் பெயர்கூடத் தெரியாது, அன்றைக்கு டிவியை விட்டு நகரவில்லை. ஆனால் பார், அங்கேயும் செக்மேட் வரை போகவில்லை. 14ஆவது ஆட்டத்தில் எதிரே ஆடிய டிங் லிரன் கோட்டைக் காயைத் தப்பாக நகர்த்தினார். இனி தேறாது என்று தெரிந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார். பெரிய ஆட்டக்காரர்கள் ராஜா முழுசாக மாட்டும்வரை காத்திருப்பது அபூர்வம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராஜாவுக்குச் செக் வைத்தால், எதிராளி மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதனால் 'செக்' என்றால் தடுத்து நிறுத்துவது என்று ஆனது. அப்புறம் கட்டுக்குள் வைப்பது, அதற்கும் பிறகு சரிபார்ப்பது. உட்லண்ட்ஸ் செக்பாயின்டில் இந்த அர்த்தங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயந்தரம் எல்லை தாண்டி ஜோகூர் பாருவுக்குப் போனால் தெரியும், பாஸ்போர்ட்டைப் பார்ப்பதைவிட நிறுத்தி வைப்பதுதான் அதிகம். நீ அடிக்கடி சொல்கிற 'செக் பண்ணிட்டுச் சொல்றேன்பா' என்பதற்கு மட்டும் எந்த அகராதியிலும் விளக்கம் கிடைக்கவில்லை. போன தீபாவளிக்கும் அதைத்தான் சொன்னாய்.

சதுரங்கப் பலகையின் கட்டங்களிலிருந்து இன்னொரு கிளை போகிறது. இங்கிலாந்தில் நார்மன் அரசர்கள் காலத்தில், வரிக்கணக்கு பார்க்கும் மேசைமீது கட்டம் போட்ட துணியை விரித்து, அதில் காய்களை நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு தாளில் கணக்குப் போட்டுப் பார், அவர்கள் பாடு புரியும். மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம் என்று 12ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்கிறது. அந்தத் துணியால் கருவூலத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் எக்ஸ்செக்கரின் சான்சலர்தான். கட்டம் போட்ட துணியையும் 'செக்' என்கிறோமே, அதுவும் இந்தக் கிளைதான். தாத்தா கட்டிக்கொண்டிருந்த கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிகாட்' என்பார்கள். பெலிகாட் வேறொன்றும் இல்லை, நம்ம பழவேற்காடு. அரபு ஸ்திரீட் கடைகளில் பார்த்திருப்பாய்.

இப்போது என் தொழிலுக்கு வருவோம். 1700களில் பணச்சீட்டு எழுதிக் கொடுத்தவர், திருட்டுச் சீட்டு வந்தால் ஒத்துப்பார்க்க அடிக்கட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். அந்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர். பிறகு கிழித்துக் கொடுத்த சீட்டுக்கே பெயர் போய்விட்டது. 'எக்ஸ்செக்கர்' எழுத்தைப் பார்த்து பிரிட்டிஷ்காரர்கள் கடைசியில் 'க்யூ' போட்டு எழுத ஆரம்பித்தார்கள். அமெரிக்கர்கள் பழையபடி 'சிகே' என்றே விட்டுவிட்டார்கள். எழுத்துக்கூட்டலில் அவர்கள் செய்த பல காரியங்கள் எனக்குப் பிடிக்காது, இதில் மட்டும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மூட்டையையோ மேலங்கியையோ ஒப்படைத்தால் தருகிற அடையாளச் சீட்டையும் அங்கே 'செக்' என்றார்கள். சாப்பிட்டதற்குக் கணக்கெழுதித் தரும் சீட்டும் அப்படித்தான் அந்தப் பெயரை வாங்கியது. குட்டியின் நோட்டில் டீச்சர் போடுகிற 'டிக்'கும் அங்கே 'செக்' என்பதை நீ கவனித்திருப்பாய்.

இங்கே செக்குக்கு வயதாகிவிட்டது. 2023 நவம்பரிலிருந்து பெரிய வங்கிகள் செக்குக்குக் கட்டணம் வாங்குகின்றன. அம்மா தேக்கா சந்தையில் மீன் வாங்கினாலும் போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்தான். அலமாரியில் நம் இரண்டு பேர் பெயரிலும் உள்ள கணக்கின் செக் புத்தகம் பாதிக்குமேல் எழுதாமல் கிடக்கிறது. அதைக் கிழித்துப் போடட்டுமா, இல்லை நீ வரும்வரை வைத்திருக்கட்டுமா? அடுத்த தடவை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா